மொட்டைமாடி போன்சாய்: ஹேக்பெர்ரியா, ஆலா?

சென்னையில் முதல் போன்சாய்க்கு (சின்னத் தொட்டியில் வெட்டி வெட்டிக் குட்டையாக வளர்க்கும் மரம்) எந்த மரம் என்று குழம்புகிறவர்களுக்கு:

விலை: ஆலங்கன்று சுவர் இடுக்கிலேயே முளைத்துக் கிடக்கும், காசே வேண்டாம். ஹேக்பெர்ரியைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

வெயில்: ஆல் மே மாத வெயிலையும் தாங்கும். போன்சாய்க்காரர்கள் விரும்பும் ஹேக்பெர்ரி சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து மரம். குளிரில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். நம் ஊரில் அந்தக் குளிர் ஏது? கோடை மதியத்தில் நிழல்வலை கட்டாயம். மண் முழுக்கக் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது.

அழகு: இதில் நான் ஹேக்பெர்ரி கட்சி. வெட்ட வெட்ட மெல்லிய கிளைகள் பிரியும், இலையும் சிறுக்கும். ஆல் இலை பெரிது, சின்னத் தொட்டியில் அளவு ஒட்டாது. ஆனால் விழுது இறங்கிவிட்டால், அடடா!

அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு ஆல். தினமும் காலையில் மாடி ஏறுகிறவர் ஹேக்பெர்ரி வளர்க்கலாம்.