கார்டிசால்: காலை ரத்தமா, இரவு எச்சிலா?

கோத்தகிரியிலிருந்து ஊட்டி லேபுக்குக் காலை 8 மணிக்குப் போய்ச் சேர, பனி விலகுமுன்பே பஸ் ஏற வேண்டும். நேரம் முக்கியம்: சிறுநீரகங்களுக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் காலையில் உச்சம், நள்ளிரவில் அடக்கம். அட்ரினல் சுரப்பு குறைவா என்று பார்க்கக் காலை ரத்தம்தான். ஒரு ஊசி, முடிந்தது.

குஷிங் (உடம்பில் கார்டிசால் மிகுந்துபோகும் நோய்) சந்தேகமென்றால் எச்சில். இரவு 11 மணிவாக்கில் வீட்டிலேயே பஞ்சை வாயில் ஊறவைத்துக் குழாயில் போடலாம். பெரும்பாலும் 2 இரவுகள். அரை மணி முன்பிருந்தே டீ கூடாது (நீலகிரிக்காரரிடம் இதைச் சொல்வது கொடுமை), பல் தேய்க்கவும் கூடாது. தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது சரிவராது; உடம்பின் கடிகாரமே புரண்டிருக்கும்.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்த அளவை ஏற்றிக் காட்டும். அங்கே எனக்கு எச்சில்தான் மேல். ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ களிம்போ, டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.