மெத்தடோன் சேவை: மருந்து நன்று, வழங்கும் முறை அவ்வாறில்லை

பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயினிலிருந்து மீளச் சிகிச்சை தேடும் மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி, என் தம்பி பெற்றுவரும் அரசின் மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மருந்து) சேவையைப் பற்றி எழுதுகிறேன். 2006இல் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. புதியவர்களைச் சேர்ப்பது 2015இல் நிறுத்தப்பட்டு, 2017இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளி எத்தனை வீடுகளை அலைக்கழித்தது என்பதை இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை.

மருந்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. மெத்தடோனும் ஹெராயினைப் போலவே ஓபியாய்டு, அதாவது அபினைப் போல் செயல்படும் மருந்து வகையைச் சேர்ந்தது என்பதால், "ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா?" என்று எங்கள் பெரியம்மா கேட்டார். இரண்டும் ஒன்றல்ல. ஹெராயினின் வீரியம் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் அடுத்த பொட்டலத்தைத் தேடியே பொழுது கழிகிறது. வாயால் அருந்தும் மெத்தடோனோ மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுவதும் நிலைத்து, உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றை அடக்குகிறது. வழக்கமாக 20 அல்லது 30 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 120 வரை தேவைப்படும் என்பதால், தொடக்க நாட்களில் பலன் போதவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும் முதல் இரண்டு வாரங்களில் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடக்கூடும். மலச்சிக்கலும் வியர்வையும் தம்பியை இன்றும் விட்டபாடில்லை.

குறை முழுவதும் வழங்கும் முறையில்தான். தம்பி செல்லும் இடத்தில் அதிகாலையில் சிறிது நேரமே மருந்து தருகிறார்கள். தெரிந்தவர்கள் கடந்துபோகும் சாலையோரத்தில் வரிசை நிற்கிறது. ஓட்டல் சமையலறையில் காலை வேலை பார்ப்பவருக்கு அது பெரும்பாடு. தொடர்ந்து சில நாட்கள் தவறினால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால் அளவைக் குறைத்தே மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே கதவடைக்கும் நேரத்தில் காட்டும் கண்டிப்பு சிகிச்சையையே பின்னுக்குத் தள்ளுகிறது. நிலைபெற்றவர்களுக்கேனும் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பலாம் என்பது என் கருத்து. மனநல ஆலோசனை அங்கே பெயரளவில்தான் இருக்கிறது.

காவடி விரதம் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: பத்து நாளும் மருந்தை நிறுத்திவிடு என்று தம்பிக்கும் சிலர் அறிவுரை கூறினார்கள். அவன் கேட்கவில்லை. காலையில் மருந்தை அருந்திவிட்டு, மரக்கறி விரதத்தைக் குறைவின்றி முடித்துக் காவடி எடுத்தான்.