தாடை அறுவையின் பலனை அளக்க: கோன் பீம் சிடியா, முப்பரிமாண முகப்படமா?

தாடை எலும்பை வெட்டி நகர்த்திய பின் பலனை எதைக்கொண்டு அளப்பது என்று தயங்குவோர், அளக்கப்போவது எலும்பையா முகத்தையா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

காட்டுவது: கோன் பீம் சிடி (கூம்பு வடிவ எக்ஸ்-கதிர்க் கற்றையால் எடுக்கும் முப்பரிமாணப் படம், சுருக்கமாகச் சிடி) எலும்பையும் பற்களையும் தாடை மூட்டையும் காட்டும், பல கேமராக்கள் ஒரே கணத்தில் எடுக்கும் முகப்படம் தோலின் மேற்பரப்பை மட்டுமே காட்டும்.

கதிர்வீச்சு: சிடியில் உண்டு, முகப்படத்தில் அறவே இல்லை.

ஒப்பிடும் முறை: அறுவை தொடாத மண்டையோட்டின் முன் அடித்தளத்தை ஆதாரமாகக் கொண்டு, அறுவைக்கு முந்தைய, பிந்தைய சிடி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், தாடை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது, பின்னர் எவ்வளவு பழைய இடத்தை நோக்கித் திரும்பியது என்பது தெரியும். முகப்படத்தில் நெற்றியும் மூக்கின் மேற்பகுதியும் ஆதாரமாகும். முகபாவம் மாறினாலோ தாடி வளர்ந்திருந்தாலோ அளவு பிறழும்.

சிடி எடுக்கையில் வைக்கும் மோவாய்த் தாங்கி மென்திசுவை அழுத்தக்கூடும் என்பதால், அதில் தெரியும் தோலைக்கொண்டு முகத்தோற்றத்தை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வீக்கம் முழுவதும் வடியப் பல மாதங்கள் ஆவதால், அதைத் தொடர்ந்து கவனிக்கவும், மேல்தாடை அறுவையில் மூக்கின் அடிப்பகுதி அகன்றதா என்று பார்க்கவும் முகப்படமே ஏற்றது. எலும்பின் நிலைத்தன்மையிலோ மூட்டிலோ ஐயம் எழுந்தால் சிடியைத் தவிர்க்க இயலாது.