போட்டோகிராபருக்கு விசிட்டிங் கார்டு: சிவகாசி ஆப்செட்டா, டிஜிட்டலா, லேப் பிரிண்டா?

மற்ற தொழில் செய்பவர்களுக்கு விசிட்டிங் கார்டில் பெயரும் போன் நம்பரும் தெளிவாக இருந்தால் போதும். போட்டோகிராபருக்கு அப்படியில்லை. கார்டில் ஒரு படத்தைப் போட்டுவிட்டால் அதுவே அவர் வேலைக்கு மாதிரி ஆகிவிடும். மணப்பெண்ணின் முகம் சிவந்துபோய் அச்சாகியிருந்தால், அது பிரஸ்ஸில் நடந்த கோளாறு என்று கார்டை வாங்குகிறவருக்கு யாரும் விளக்கப் போவதில்லை. எனவே எந்தப் பிரஸ், எந்தத் தாள் என்று விசாரிப்பதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு: படம் போடுவதா, வேண்டாமா? அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் அச்சு முறை.

முதலில் ஆப்செட், அதாவது உலோகப் பிளேட்டில் வடிவத்தைப் பதித்து அச்சடிக்கும் முறை. நம் ஊர் டிடிபி கடைகளில் கொடுக்கும் மல்டிகலர் கார்டு ஆர்டர்கள் பலவும் கடைசியில் சிவகாசிக்குத்தான் போய்ச் சேருகின்றன. ஆப்செட்டில் பிளேட் போடும் செலவு, நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அந்தச் செலவைப் பங்கிட, பல பேருடைய கார்டுகளை ஒரே பெரிய ஷீட்டில் அடுக்கி ஒன்றாக ஓட்டுகிறார்கள். ஆயிரம் கார்டு அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். நிறம் நம் கையை விட்டுப் போவதற்கும் இதுவேதான் காரணம்.

ஆப்செட் மெஷினில் மையின் அளவைப் பட்டை பட்டையாகத்தான் கூட்டிக் குறைக்க முடியும். தாள் ஓடும் திசையில் ஒரே பட்டைக்குள் வரும் எல்லாக் கார்டுகளுக்கும் அந்த மை அளவு பொருந்தும். உங்கள் படத்துக்கு மேலேயோ கீழேயோ ஒரு நகைக்கடையின் அடர் சிவப்புக் கார்டு இருக்கிறது என்று வையுங்கள். அந்தச் சிவப்பு நன்றாக ஏறவேண்டும் என்று ஆபரேட்டர் மெஜந்தா என்ற சிவப்புச் சாயல் மையைக் கூட்டினால், உங்கள் படத்திலுள்ள முகமும் சேர்ந்து சிவக்கும். அவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, ஒரு ஷீட்டுக்கு ஒரு சமரசம்தான் சாத்தியம். தனி ஷீட் ஓட்டச் சொல்லலாம், ஆனால் அப்போது மலிவு என்ற பேச்சே இல்லை.

ஆனால் எழுத்து மட்டும் உள்ள கார்டு என்றால் ஆப்செட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சின்ன எழுத்தும் மெல்லிய கோடும் கூர்மையாக விழும். மேட் லேமினேஷன், ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்பு), ஃபாயில் (தங்கம், வெள்ளி போல மின்னும் பதிப்பு) எல்லாம் அதே ஊரில் முடிந்துவிடும். எழுத்தை நூறு சதவீதம் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைத்தால் போதும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மையையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து வைத்தால், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் பிசிறும்.

டிஜிட்டல் பிரிண்டில் பிளேட் கிடையாது. 12க்கு 18 அங்குல ஷீட் ஒன்றில், 89க்கு 51 மில்லிமீட்டர் கார்டு 24 உட்காரும். ஒரு ஷீட் அடித்து, வெளிச்சத்தில் பார்த்து, திருத்தி, மறுபடி அடிக்கலாம். போட்டோகிராபருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. இன்னொன்று, 24 கார்டிலும் 24 வேறு படங்கள் வைத்தாலும் செலவு ஏறாது. லண்டனைச் சேர்ந்த மூ நிறுவனம் 2006இல் ஃபிளிக்கர் என்ற போட்டோ தளத்துடன் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் வேறு படம் வரும் சின்னக் கார்டுகளை விற்கத் தொடங்கியது இந்த வசதியை வைத்துத்தான். நான்கைந்து கார்டை விசிறிபோல் நீட்டி "பிடிச்சதை எடுத்துக்கோங்க" என்றால், எடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அவருக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. டோனர் என்ற பொடி மையில் ஓடும் மெஷினில் ஒரே நிறமாக விரியும் சாம்பல் பின்னணியில் கோடு கோடாகத் தெரியலாம். ஓரம் வரை அடர் நிறம் போனால் கட்டிங்கில் டோனர் உதிர்ந்து வெள்ளை தெரியும், ஆகவே லேமினேஷன் அவசியம். திரவ மையில் ஓடும் இண்டிகோ மெஷின் உள்ள கடை பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள், ஆப்செட்டுக்கு மிக அருகில் வரும். எண்ணிக்கை ஏறினால் ஒரு கார்டின் விலை ஆப்செட்டைவிட அதிகம்தான்.

எந்த மெஷினாக இருந்தாலும் படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஸ்க்ரீனில் ஜொலிக்கும் மயில்கழுத்து நிறப் பட்டும் கிளிப்பச்சையும் நான்கு மை அச்சில் அப்படியே வராது. ஆழ்ந்த நீலம் ஊதா பக்கம் சாயும், பச்சை மங்கும். சந்தன நிறம், தந்த நிறம், மரத்தின் பழுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம், இவை பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். கறுப்பு வெள்ளைப் படம் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான்கு மையில் அடித்தால் அதில்தான் லேசான பச்சையோ சிவப்போ முதலில் கண்ணில் படும். படத்தை அந்த நான்கு மை நிறங்களுக்கு மாற்றும் சிஎம்ஒய்கே மாற்றத்தை நீங்களே செய்து, பார்த்து, பிறகு அனுப்புங்கள். மேட் லேமினேஷன் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும் என்பதால் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கிவிடுவது நல்லது. சுற்றிலும் வெட்டுப்படும் 3 மில்லிமீட்டர் ஓரம் சேர்த்து 300 டிபிஐயில் கார்டுக்குத் தேவை 1122க்கு 673 பிக்சல்தான். எந்தக் கேமராவுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஃபைலை வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போதுதான் தரம் போகிறது, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

மூன்றாவது வழி, ஆல்பத்துக்குப் பிரிண்ட் போடும் அதே கலர் லேப். 4க்கு 6 போட்டோ ஒன்றில் இரண்டு கார்டு தாராளமாக வெட்டலாம். புள்ளி புள்ளியாக இல்லாமல் தொடர்ச்சியான நிறம், நீங்கள் ஏற்கனவே பழகிய பேப்பர். முகத்தின் நிறத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. ஆனால் கார்டு என்ற முறையில் பலவீனமானது: மெல்லியது, சுருளும், விரல் ரேகை பதியும், பின்பக்கம் அச்சடிக்க முடியாது, சின்ன எழுத்து ஆப்செட் அளவுக்குக் கூர்மையாக இருக்காது.

இந்தச் சிக்கலுக்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற போட்டோகிராபர் காப்புரிமை பெற்ற 'கார்ட் த விசித்', மெல்லிய போட்டோ பிரிண்டைக் கெட்டி அட்டையில் ஒட்டியதுதான். பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயர் அச்சாகியிருக்கும். பிரிண்டின் அளவு சுமார் 54க்கு 89 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இன்றைய நம் கார்டு. அதே வழியில், சிவகாசியில் அடித்த கெட்டி அட்டையின் முன்பக்கம் லேப் பிரிண்டை ஒட்டிப் பாருங்கள், அழகாக வரும். கையால் செய்யும் வேலை என்பதால் மண்டபத்தில் எல்லாருக்கும் நீட்டக் கட்டுப்படியாகாது. ஆல்பம் டெலிவரி கொடுக்கும் பெட்டிக்குள், அந்தக் குடும்பத்தின் படத்தையே வைத்து நாலைந்து கார்டு போட்டுக் கொடுக்கலாம். அவர்கள் அனுமதியோடு செய்யுங்கள். சொந்தக்காரர்களுக்கு அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

என்எஃப்சி கார்டைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். போனைத் தொட்டால் லிங்க் திறக்கும், 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் முதல் தனி ஆப்கூட வேண்டாம். ஆனால் அந்தக் கார்டு நம் பாக்கெட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது. கல்யாணம் பேசும் வீட்டில் பீரோவுக்குள் ஆறு மாதம் இருந்து, தேதி குறித்த அன்று வெளியே வரவேண்டியது காகிதக் கார்டுதான். அதற்குப் பதில் காகிதக் கார்டிலேயே க்யூஆர் வைக்கலாம். குறைந்தது 2 சென்டிமீட்டர், சுற்றிலும் வெள்ளை இடம், வெளிர் பின்னணியில் அடர் நிறம். லிங்க் உங்கள் சொந்த டொமைனுக்குப் போகட்டும். இன்ஸ்டாகிராம் பெயர் மாறினாலோ, இலவசமாக க்யூஆர் செய்து தரும் தளம் சேவையை நிறுத்தினாலோ, ஆயிரம் கார்டும் வீண்.

நான் தேர்ந்தெடுப்பது இப்படி: கல்யாணம், காதுகுத்து என்று ஊரெல்லாம் கார்டு கொடுப்பவர் படமே இல்லாமல் ஆப்செட்டில் ஆயிரம் அடிக்கலாம். கூடவே ஆறு படம், படத்துக்கு நான்கு என்று டிஜிட்டலில் ஒரு ஷீட், நேரில் உட்கார்ந்து பேச வருபவர்களுக்கு. குழந்தைப் படம், போர்ட்ரெய்ட் எடுப்பவர்களுக்கு டிஜிட்டல் மட்டுமே போதும், அவர்களுக்கு ஆயிரம் கார்டு தேவைப்படுவது அபூர்வம்.

கொடுப்பதற்கு முன் தமிழ் எழுத்தை ஒருமுறை பாருங்கள். பழைய கோரல் டிராவில் யூனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தை கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள், பிரஸ்ஸில் யாரும் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் மறுபடி டைப் செய்ய வேண்டியிருக்காது. அப்புறம், ஓரத்தைச் சுற்றி மெல்லிய பார்டர் வேண்டாம். கட்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது கோணலாகத் தெரியும்.