அயிம்மா: எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கிய மூன்று வருடங்கள்

மகள் முதன்முதலாகத் தானே எழுத்துக்கூட்டி வாசித்த சொல் ‘அயிம்மா’. தாளில் நான் எழுதியிருந்தது ‘அம்மா’. அ, இம், மா என்று மூன்றையும் பிழையில்லாமல் சொன்னாள். சேர்த்துச் சொல் என்றேன். சேர்த்தாள். அவளில் ஒரு குறையும் இல்லை. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இது நடந்தது 2022 இல், கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் மாடி வீட்டில். நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன காலம். காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போயிருந்தது. தொலைக்காட்சியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளையை வேறு என்ன செய்வது? புறக்கோட்டையில் ஓர் எழுத்து அட்டைப் பெட்டி வாங்கினேன். 247 எழுத்தும் உண்டு, வண்ணப்படத்தோடு.

பெட்டி பார்க்க அழகு. ஆனால் ஒவ்வோர் எழுத்திலும் ஒரே ஓர் அட்டைதான். அதை வைத்து ‘மாமா’ எழுத முடியாது. ‘தாத்தா’ எழுத முடியாது. மகள் எழுத ஆசைப்பட்ட முதற்சொல் ‘அம்மம்மா’. அதற்கு இரண்டு ‘ம்’ வேண்டும். அட்டை தயாரித்தவர் எழுத்துகளை எண்ணியிருக்கிறார், சொற்களை எண்ணவில்லை. இரண்டாம் மாதம் பெட்டியை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தை வெட்டி நானே எழுதினேன். ‘ம்’ மட்டும் ஆறு.

ஒலியைக் கொண்டு வாசிக்கப் பழக்கும் முறை எனக்கு ஆங்கிலம் வழியாகத்தான் அறிமுகம். அங்கே எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்தை முதலில் எடுத்து, பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆறே எழுத்தில் ஏராளமான சின்னச் சொற்கள் பிறந்துவிடும். அதே எண்ணத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். அகர வரிசையை ஒதுக்கி ட, ப, ம மூன்றையும், மேலே குற்று (புள்ளி) வைத்த அவற்றின் மெய்யெழுத்துகளையும் எடுத்தேன். பெரும்பாலும் நேர்கோட்டு எழுத்துகள், கைக்கும் சுகம். படம், மடம், பட்டம், மட்டம். முதல் வாரத்திலேயே நான்கு சொற்கள் கையில்.

சிக்கல் அந்தக் குற்றில்தான் இருந்தது. ஆங்கில முறையை அப்படியே பின்பற்றி க், அ, ல் என்று உடைத்தால் தமிழ்ப் பிள்ளை விழிக்கும். நம் எழுத்தில் ‘க’ ஏற்கெனவே ஒரு முழு அசை. அதை உடைக்கத் தேவையே இல்லை. தனியே நிற்கும் மெய்யைத்தான் பழக்க வேண்டும். ம், ல், ர், ன் ஆகியவற்றை இழுத்துக்கொண்டே இருக்கலாம், ஆகவே பல், கல், மரம் எல்லாம் இலகுவாக வந்தன. ட், க், ச் அப்படி அல்ல. அவற்றை இழுக்க முடியாது. ‘பட்டம்’ வந்தால் ‘ப’ சொல்லி, நாக்கை மேலே ஒட்டி, மூச்சை ஒரு கணம் பிடித்து, பிறகு ‘டம்’ என்று விடச் செய்தேன். ‘இட்’ என்ற சொல்லையே வீட்டில் தடைசெய்தேன். பத்து நாளில் ‘அயிம்மா’ போய்விட்டது.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “கானா அரவு கா என்று சொல்லித்தானே உனக்குப் படிப்பித்தேன், நீ வாசிக்கவில்லையா?” நியாயமான கேள்வி. அந்தப் பாட்டு எழுதுவதற்கு உதவுகிறது என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன். அரவு (ா) எது, கொம்பு (ெ) எது, விசிறி (ி) எது என்று கைக்குத் தெரிகிறது. வாசிக்கும் வாய்க்கு அது சுமை. கானா, டானா, இல் என்று மூன்று பெயரைத் தூக்கிக்கொண்டு ‘கடல்’ வரை நடக்க வேண்டும்.

கொம்பு மூன்று மாதத்தைத் தின்றது. கண்ணுக்கு முன்னால் வருகிறது, வாய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொடி’யில் கொம்பு ஒருபக்கம், அரவு மறுபக்கம், இரண்டையும் சிவப்புப் பேனையால் எழுதிய பிறகே ஒன்றாகப் பார்த்தாள். ‘ஊர்’ நெடுநாள் ‘உளர்’ ஆக இருந்தது. உகர வரிசைக்கு எந்த உபாயமும் இல்லை. கு, சு, டு, து ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்தபடி வளைகிறது; மனப்பாடம்தான் வழி.

ஆறாம் மாதம் சரளமாக வாசிக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கழுதைப் படத்தின் கீழே ‘கழுதை’ என்று இருக்க, ‘குதிரை’ என்று அடித்துச் சொன்னாள். படத்தை வாசித்திருக்கிறாள்! இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்கள், அவற்றில் 20 பொருளே இல்லாதவை, ஊகிக்க வழியில்லாதபடி. அதைத் திருடினேன். டபம், மூலுபி, பேடகு. ஒவ்வொன்றும் ஒரு விலங்கின் பெயர், வாசித்தால்தான் அந்த விலங்கை வரையலாம். மூன்று வருடத்தில் அலுக்காத ஒரே விளையாட்டு இதுதான்.

நான் பயந்த இடம் வேறு. சிங்களத்தில் ‘கல்’லில் வரும் ககரத்துக்கு ஓர் எழுத்து, ‘தங்கம்’ என்பதில் வருவதற்கு வேறோர் எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒன்றே. குழம்புவாள் என்று நினைத்தேன். ‘மகள்’ என்பதை முதலில் வல்லோசையாக வாசித்தாள், தன் காதால் கேட்டாள், தானே திருத்திவிட்டாள். வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் இடறுவதில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் பலகையைப் பா, ண, ந் என்று கூட்டிக்கொண்டு போய், நடத்துநர் கூவுவது நினைவுக்கு வந்ததும் “பாணதுர!” என்று கத்தினாள். எழுதியிருந்தது பாணந்துறை, சிங்களத்தில் முடித்துவிட்டாள்.

கடைப் பலகைகள்தான் கைகொடுக்கவில்லை. ‘ரயர்’ என்று ஒழுங்காக வாசித்துவிட்டு, அது என்ன என்று என்னைப் பார்க்கிறாள். டயர் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு நம் ஊர் எழுத்துவழக்கைப் புரியவைக்க எந்த ஒலிமுறையாலும் முடியாது. டொபியை எழுதும் ‘ரொபி’யும் அப்படியே; பொருள் தெரிந்ததும் ஒன்று வாங்கித் தரவேண்டியதாயிற்று.

இப்போது அவள் தரம் 2. தம்பிக்கு நான்கு வயது. அதே நாட்காட்டி அட்டைகள். ‘ம்’ மட்டும் மூன்றாம் தடவையாக எழுதியிருக்கிறேன். சென்ற கிழமை ‘பல்’ அட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மம்மா பக்கத்தில் இருந்து “பானா, இல்” என்று தொடங்கினார். அக்கா கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “இப்போது வேண்டாம் அம்மம்மா, அவன் ‘பயில்’ என்று சொல்லிவிடுவான்.”