தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க விஸ்பர்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தால் நான்கைந்து மணி நேரம் ஓடிவிடும். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. இலவசம், எவரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம். சொந்தக் கணினியிலேயே இணையம் இல்லாமல் ஓடும் என்பதால் ஒலிக்கோப்பை யாருடைய சர்வருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ரகசியம் காக்க வேண்டிய பேட்டிகளுக்கு இது ஒன்றே பெரிய லாபம்.

ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசி, நல்ல மைக்கில் பதிவான தமிழுக்கு முதல் வரைவு எடுக்க இது அருமையான கருவி. ஆனால் வந்ததை அப்படியே வெளியிடும் தரம் தமிழுக்கு இன்னும் கைகூடவில்லை. பயிற்சித் தரவு ஒரு காரணம்: முதல் பதிப்புக்குப் பயன்பட்ட 6,80,000 மணி நேர ஒலியில், தமிழ்ப் பேச்சைத் தமிழாகவே எழுதிய பகுதி இருநூறு மணி நேரத்துக்கும் குறைவு. இன்னொரு காரணம், இயல்பாக வரும் அமைப்புகள் ஆங்கிலத்துக்குப் பொருந்தும்படி இருப்பது. முதலாவதை நாம் சரிசெய்ய முடியாது. இரண்டாவதைச் சரிசெய்யலாம், அதற்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மாடல் தேர்வில் தயங்க வேண்டாம். விஸ்பரின் சிறிய அளவு மாடல்களான டைனி, பேஸ், ஸ்மால் மூன்றும் தமிழுக்கு வீண். மீடியம் சுமார், லார்ஜ்தான் உருப்படி. 155 கோடி அளவுருக்கள் கொண்ட லார்ஜ், மூல நிரலில் ஜிபியு எனப்படும் வரைகலை அட்டையில் 10 ஜிபி நினைவகம் கேட்கும். ஃபாஸ்டர் விஸ்பர் என்ற மறுவடிவத்தில் எண்களைச் சுருக்கி வைக்கும் 8 பிட் முழு எண் முறையில் ஓட்டினால் அதே மாடல் 4 ஜிபிக்குள் அடங்கும், வேகமும் கூடும். 2024-ல் வந்த டர்போ, லார்ஜைப் போல எட்டு மடங்கு வேகம் என்று விளம்பப்படுகிறது. எழுத்தை உருவாக்கும் பகுதியான டிகோடரின் 32 அடுக்குகளை நான்காகக் குறைத்துத்தான் அந்த வேகத்தை எடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பலவீனமான மொழிக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது. மொழிபெயர்ப்புக்கும் டர்போவைப் பயிற்றுவிக்கவில்லை.

ஓட்டும்போது மொழி தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் முதல் 30 வினாடியைக் கேட்டு அது ஊகிக்கும். தொடக்கத்தில் இசையோ ஆங்கில அறிமுகமோ இருந்தால், முழுக் கோப்பையும் வேறு மொழியாக எண்ணி எழுதித் தள்ளிவிடும்.

அடுத்ததுதான் பலர் கவனிக்காத விஷயம். விஸ்பர் ஒலியை 30 வினாடிச் சன்னல்களாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சன்னலுக்கு அது எழுதக்கூடிய டோக்கன்கள், அதாவது மாடல் எழுதும் சின்னஞ்சிறு எழுத்துத் துண்டுகள், மூல நிரலில் இயல்பாக 224. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக ஒன்றரை டோக்கன்கூட ஆகாது என்பதால் 30 வினாடிப் பேச்சு தாராளமாக அடங்கும். தமிழ் எழுத்துகளோ, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று மூன்று பைட்டுகள். சொல்லை டோக்கன்களாகப் பிரிக்கும் டோக்கனாக்கியில் தமிழுக்கென்று பெரிய துண்டுகள் அதிகம் இல்லாததால் ஒரே சொல் பத்துப் பன்னிரண்டு டோக்கன்களைத் தின்றுவிடும். வேகமாகப் பேசும் ஒருவரின் 30 வினாடி, 224-ஐத் தாண்டிவிடும். அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது. வாக்கியம் பாதியில் அறுபட்டு, அடுத்த சன்னல் தொடங்கிவிடும். எழுத்து வடிவத்தை மட்டும் படிப்பவருக்கு ஒரு பத்தி காணாமல் போனதே தெரியாது.

தீர்வு எளிது. சைலெரோ போன்ற பேச்சுக் கண்டறியும் கருவியால் நிசப்த இடங்களைக் கண்டுபிடித்து, ஒலியை 10 முதல் 15 வினாடித் துண்டுகளாக நறுக்கித் தனித்தனியாகக் கொடுங்கள். வெட்டு சொல்லின் நடுவே விழக்கூடாது. இரு பக்கமும் 0.2 வினாடி விளிம்பு விடுங்கள். நறுக்குமுன் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் கருவி கொண்டு 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தட வேவ் கோப்பாக மாற்றிவிடுவது நல்லது. மாடல் உள்ளே பயன்படுத்துவதும் அதே வடிவம்தான், அதனால் தரம் எதையும் இழக்கமாட்டீர்கள். ஒவ்வொரு துண்டும் எந்த வினாடியில் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்தால் பிறகு நேரக்குறிகளைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணி, சுருக்க விகிதம். மாடல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உளறுகிறதா என்று பார்க்க, எழுதிய வரியை நிரல் சுருக்கிப் பார்க்கும். விகிதம் 2.4-க்கு மேல் போனால் 'இது உளறல்' என்று முடிவுகட்டி, டெம்பரேச்சர் எனப்படும் தற்செயல் அளவை 0-விலிருந்து 0.2 படியாக 1.0 வரை ஏற்றி மீண்டும் முயலும். தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் எல்லாமே ஒரே மாதிரித் தொடங்குவதால், பிழையே இல்லாத தமிழ் வரியும் அதிகமாகச் சுருங்கும். அதாவது சரியான வரியை நிரல் தூக்கியெறிந்துவிட்டு, கடைசியில் 1.0-ல் வந்த தாறுமாறான வரியை வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த 2.4 வரம்பை 3.2 அளவுக்கு உயர்த்துங்கள். டெம்பரேச்சரை 0, 0.2, 0.4 மூன்றோடு நிறுத்திவிடுங்கள். வேகமும் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு மறுமுயற்சியும் அந்தச் சன்னலை மறுபடி எழுதவைக்கிறது.

நிசப்தத்தில் விஸ்பர் கற்பனை செய்கிறது என்பது ஊரறிந்தது. பேச்சே இல்லாத இடத்தில், பயிற்சியில் கேட்ட வீடியோக்களின் முடிவுரை போல நன்றி சொல்லும் வரிகள் முளைக்கும். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆங்கிலப் பதிவுகளிலேயே ஏறக்குறைய நூற்றில் ஒன்றில் யாரும் சொல்லாத சொற்றொடர்கள் முழுசாகப் புகுந்திருந்ததைக் காட்டியது. இடைவெளி விட்டு விட்டுப் பேசுபவர்களின் பதிவில் அது அதிகம். இந்தப் பிழை ஆபத்தானது, ஏனென்றால் இலக்கணம் சுத்தமாக இருக்கும், கண்ணுக்கு உறுத்தாது. மேலே சொன்னபடி நிசப்தத்தை நறுக்கி எறிந்தால் பெருமளவு குறையும். முந்தைய வரியைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒரு சன்னலின் உளறல் அடுத்தடுத்த சன்னல்களுக்கும் தொற்றும். மருத்துவக் குறிப்பு, வாக்குமூலம், சட்ட ஆவணம் ஆகியவற்றுக்கு, ஒலியை முழுவதும் கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லாமல் இதைப் பயன்படுத்தவே கூடாது.

பெயர்கள், ஊர்கள், துறைச் சொற்களை ப்ராம்ப்ட்டாக, அதாவது மாடலுக்கான முன்குறிப்பாக, முன்கூட்டியே கொடுக்கலாம், பலன் உண்டு. ஆனால் அதற்கும் 224 டோக்கன்தான் இடம். தமிழில் இருபது இருபத்தைந்து சொற்களோடு நிறைந்துவிடும். அதிகமானால் முன்பகுதியை வெட்டிவிடும், ஆகவே முக்கியமானதைக் கடைசியில் வையுங்கள். துண்டு போட்டு ஓட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி கொடுக்க மறக்காதீர்கள்.

பேச்சு வழக்குதான் தீராத தலைவலி. ஒரே பதிவில் ஓரிடத்தில் பேசியபடியே எழுதும், வேறிடத்தில் எழுத்துத் தமிழாக்கிவிடும். நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லை ஒரு தடவை ரோமன் எழுத்திலும் மறு தடவை தமிழ் எழுத்திலும் போடும். இதை எந்த அமைப்பாலும் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. யார் பேசியது என்று பிரித்துக் காட்டும் வசதியும் கிடையாது. பியானோட் போன்ற தனிக் கருவியைச் சேர்க்க வேண்டும், இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அதுவும் தடுமாறும்.

மாடல்களின் துல்லியத்துக்குத் தரப்படும் மதிப்பெண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விஸ்பரோடு வரும் பொது உரைச் சீராக்கி, ஒப்பிடுமுன் நிறுத்தற்குறிகளோடு சேர்த்துத் துணை எழுத்துக் குறிகளையும் இடைவெளியாக மாற்றிவிடுகிறது. தமிழில் அந்தக் குறிகள்தான் கொம்பும் காலும் புள்ளியும். அவற்றை நீக்கினால் சொல்லே சிதறிவிடும், வேறு வேறு சொற்களும் ஒன்றாகத் தெரியும். அந்த முறையில் கணக்கிட்ட தமிழ்ப் பிழை விகிதத்தைப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சொந்தப் பதிவில் பத்து நிமிடத்தைக் கையால் எழுதி, நிறுத்தற்குறிகளை மட்டும் நீக்கி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு எத்தனை தவறு என்ற விகிதத்தைக் கணக்கிடுங்கள். தமிழ்ச் சொற்கள் ஒட்டி வளர்பவை. சந்தி ஒன்று தவறினாலும் முழுச்சொல்லும் பிழையாகிவிடும் என்பதால் சொல் கணக்கு மட்டும் நியாயமாக இராது.

மாற்று வேண்டுமா? சென்னை ஐஐடி பேச்சு ஆய்வகத்தில் தமிழுக்கென்றே ஃபைன் டியூன், அதாவது மறுபயிற்சி, செய்த விஸ்பர் மாடல்கள் கிடைக்கின்றன. இந்திய மொழிகளுக்கான ஏஐ4பாரத் குழுவின் இண்டிக் கன்ஃபார்மர் என்ற பேச்சு மாடலும் இருக்கிறது. முதலில் இவற்றைத்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒரு குறை: இப்படி மறுபயிற்சி பெற்ற மாடல்களில் பல, நேரக்குறி இல்லாத தரவில் பழகியவை என்பதால் வசன வரிகளுக்குத் தேவையான நேரம் சரியாக வராது. துண்டுகளின் தொடக்க நேரத்தை நீங்களே வைத்திருந்தால் அந்தக் குறையும் பெரிதாக இடிக்காது.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் எண்கள், அடுத்துப் பெயர்கள், பிறகு 'இல்லை', 'மாட்டேன்' போன்ற மறுப்புகள், கடைசியாகத்தான் எழுத்துப்பிழை. மறுப்பு விகுதி பேச்சில் விழுங்கப்படும் இடங்களில் மாடல் அதை விட்டுவிட்டுப் பொருளையே தலைகீழாக்கிவிடும். ஒலியை 1.25 வேகத்தில் ஓடவிட்டுக் கண்ணால் வரியைத் தொடர்ந்தால் ஒரு மணி நேரப் பதிவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுத்தம் செய்யலாம். கூட்ட இரைச்சல் நிறைந்த பதிவென்றால் வரைவைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வதே சீக்கிரம் முடியும்.