ஊதியம் பெறாத நீதிபதி: வடகரைச் சிற்றூரின் சிறு வழக்கு நீதிமன்றம் பற்றி ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவில் 20,000 ராண்டுக்கு மேற்படாத பணத் தகராறுகளை விசாரிப்பதற்கென்றே சிறு வழக்கு நீதிமன்றங்கள் இயங்கி வருகின்றன. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த மன்றத்தில் வழக்கறிஞர் எவரும் நமக்காக வாதாட இயலாது. தனிமனிதர் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனங்கள் பிரதிவாதியாக மட்டும் நிற்கலாம். தீர்ப்பு வழங்குபவரைக் கமிஷனர் என்பார்கள். பெரும்பாலும் பகலில் வழக்கறிஞர் தொழில் நடத்துபவர்களே ஊதியம் ஏதுமின்றி இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகரையில், கரும்புத் தோட்டங்களை அடுத்த ஒரு சிற்றூரில் அத்தகைய ஒருவரிடம் என் அத்தையின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அங்கே நான் கண்டவற்றை, நீதிமன்றம் போகத் தயங்கும் இங்குள்ள நம் தமிழர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

அத்தை வீட்டு முன்வாசலுக்கு இரும்புக் கேட் செய்து தருவதாக ஒருவர் 9,500 ராண்டு முன்பணம் வாங்கினார்; தூண்களை நட்டு, தரையில் தண்டவாளத்தைப் பதித்ததோடு வருவதை நிறுத்திவிட்டார். முதலில் பணத்தைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, பதினான்கு நாள் அவகாசம் தரவேண்டும். அதன் பிறகே சம்மன். படிவங்களை நிரப்ப நீதிமன்றக் கிளார்க் உதவுகிறார், அதற்குக் கட்டணம் இல்லை. நீதிமன்ற ஆணைகளைக் கொண்டு சேர்த்து நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப் மூலம் சம்மன் அனுப்பினால் அதற்கு மட்டும் செலவு உண்டு.

விசாரணை மாலையில், அலுவலக நேரம் முடிந்த பின் நடந்தது. கமிஷனர் பல ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருப்பவர் என்று கிளார்க் சொன்னார். அவர் நடந்துகொண்ட விதத்திலேயே அது தெரிந்தது. அத்தை பதற்றத்தில் கதையை நடுவிலிருந்து தொடங்கியபோது, அவர் குறுக்கிடாமல் கேட்டு முடித்து, "அம்மா, பணம் கொடுத்த நாளிலிருந்து வாருங்கள்" என்றார். கைப்பேசியிலிருந்த வாட்ஸாப் செய்திகளைத் தாமே வாங்கித் தேதி வாரியாகப் படித்தார். பிறகு எதிர்த்தரப்பினரிடம் தூணின் உயரம், தண்டவாளத்தின் நீளம், சிமெண்ட் எத்தனை மூட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முடிந்த வேலைக்கு 2,300 ராண்டைக் கழித்து, மீதி 7,200ஐத் திருப்பித் தரும்படி தீர்ப்பளித்தார். முழுத்தொகையும் கிடைக்கவில்லையே என்று அத்தைக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் கணக்கு எப்படி வந்தது என்பதை இரு தரப்புக்கும் புரியும் எளிய ஆங்கிலத்தில் அவர் விளக்கிய பின், எதிரில் நின்றவரும் மறுத்துப் பேசவில்லை. இந்த மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது, நடைமுறையில் குறை இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வைக் கோரலாம், அவ்வளவே. ஆகவே அமர்ந்திருப்பவரின் பொறுமையும் நேர்மையும்தான் இங்கே எல்லாம்.

நம் சமூகத்துக்கு இது பெரிய காரியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1860இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலைத் தொடர்ந்து இங்கே இறங்கிய ஒப்பந்தக் கூலிகள், முறையிட மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போவதற்கும் முதலாளியின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட காலம் இருந்தது. 1894இல் முதலாளி அடித்ததில் பல் உடைந்து இரத்தம் வழிய காந்தியிடம் வந்த பாலசுந்தரம் என்ற தமிழர், அவர் துணையோடுதான் மாஜிஸ்திரேட் முன் நிற்க முடிந்தது. பின்னாளில் நீதிபதியாக உயர்ந்த டர்பனின் நவநீதம் பிள்ளை, பேருந்து ஓட்டுநரான தம் தந்தையின் சம்பளப் பணம் திருடுபோன வழக்கில் சிறுமியாகச் சாட்சி சொன்னார். திருடியவர் தண்டிக்கப்பட்டும் பணம் திரும்பவில்லை என்பதை அவரே சொல்லியிருக்கிறார்.

பணம் திரும்பாத அந்தக் குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. தீர்ப்புக்குப் பின் பணம் வரவில்லையானால், வசூல் ஆணை பெற்று மீண்டும் ஷெரீபை நாடவேண்டும். அதற்கான செலவை முதலில் நாமே போடவேண்டும். அத்தைக்குப் பாதித் தொகை வந்தது, மீதிக்கு இன்னும் அலைகிறார். முதல் விசாரணை நாளில் அமரக் கமிஷனர் கிடைக்காமல், வேலையை விட்டு வந்தவர்களை மறுதேதி சொல்லி அனுப்பியதும் நியாயமாகப் படவில்லை. ஊதியமில்லாத சேவையை மட்டும் நம்பி ஒரு மன்றத்தை நடத்தினால், நல்ல மனிதர் ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த ஊருக்கே இழப்பு.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டம் தமிழை மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அது ஆட்சிமொழி இல்லை. எனவே ஆங்கிலம் தடுமாறும் முதியவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கிளார்க்கிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. ரசீது, விலைப்புள்ளி, படங்கள் ஆகியவற்றின் நகல்களை எதிர்த்தரப்புக்கும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எதிராளியால் ஒரே தடவையில் தர இயலாது என்று தெரிந்தால், தவணை முறையில் செலுத்த உத்தரவிடும்படி விசாரணையின்போதே கமிஷனரிடம் கேளுங்கள். அத்தை அதைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சலில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.